கம்பியை அறுக்கும் அதிகாரம்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இராஜாங்கம், இயந்திரக் கலை, உலக விவகாரம் ஆகிய மூன்றையும் பற்றி இன்று பேச வேண்டுமென்று நிர்வாக சபையார் எனக்கு ஆணையிட்டிருக்கின்றனர். இம்மூன்றும் மூன்று சமுத்திரங்கள். ஒவ்வொன்றையும் நீந்திக் கரையேற ஒரு மாலைப் பொழுது போதாது. ஆயினும் மூன்றும் வந்து கூடும் துறை ஒன்று உண்டு. அது செய்தி செல்லும் கம்பி. அக்கம்பியை இடுவது இயந்திரக் கலை. அதை ஆள்வது இராஜாங்கம். அது அறுபடுவதும் இணைவதும் உலக விவகாரம். ஆதலின் அதனைக் குறித்தே பேசத் துணிகின்றேன்.

என் கட்சி யாதென முதலிலேயே கூறிவிடுகின்றேன். செய்தி செல்லும் வழியை அடைக்கும் அதிகாரம், யார் கையில் இருந்தபோதிலும், காரணம் வெளியிடாமலும் கணக்குக் காட்டாமலும் பிரயோகிக்கப்படுமானால் அது குடிகளுக்குக் கேடாகவே முடியும். அவ்வதிகாரத்துக்குச் சட்டத்தால் கரை கட்டுவது குடிகளாகிய நமது கடமை. இதனை மறுப்பவர்கள் இச்சபையிலும் இருக்கலாம். அவர்கள் கூறும் ஆக்ஷேபங்களையும் பின்னர் எடுத்துக்கொள்வேன்.

முன்னே நடந்த வரலாற்றைச் சிறிது கவனிப்போம். 1858-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியில் இட்ட கம்பி வழியாக விக்டோரியா மகாராணியார் அமெரிக்க ஜனாதிபதிக்கு ஒரு வாழ்த்து அனுப்பினார். நூறு சொற்களுக்கு உட்பட்ட அச்செய்தி போய்ச் சேரப் பதினாறு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. சில வாரங்களுக்குள் அக்கம்பியும் செயலற்றுப் போயிற்று. எனினும் முயன்றவர்கள் சோர்ந்துவிடவில்லை. 1866-இல் 'கிரேட் ஈஸ்டர்ன்' என்னும் பெருங்கப்பல் நிலையான கம்பியை இட்டது. அக்கப்பலே 1870-இல் ஏடனுக்கும் பம்பாய்க்கும் இடையில் கம்பி இட்டது. அடுத்த ஆண்டில் நமது சென்னைப் பட்டினம் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் இணைந்தது. கொண்டுவிற்கக் கடல் கடந்து சென்ற நம்மவர், மாதக்கணக்கில் கப்பற் கடிதத்திற்குக் காத்திருந்த நிலை அன்று மாறத் தொடங்கியது.

அக்கம்பியின் மேல் நீர் ஏறாமல் காத்தது மலேயாக் காடுகளில் வளர்ந்த ஒரு மரத்தின் பால். அதனைக் கட்டாபெர்ச்சா என்பர். அப்பாலுக்காக மரங்களை வெட்டிச் சாய்த்தனர். காடு ஒரு நாட்டில் அழிந்தது. கம்பி மற்றொரு நாட்டார்க்கு உரிமையாயிற்று. அக்காலத்துக் கடற்கம்பிகளுள் மிகப் பெரும்பான்மை பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கே சொந்தம். கம்பி யாருடையதோ அவர் கையிலேயே அதனை அறுக்கும் கத்தியும் இருந்தது.

அக்கத்தியின் கூர்மை 1914-இல் விளங்கிற்று. ஜெர்மனியோடு யுத்தம் மூண்ட சில மணி நேரத்துக்குள், ஆகஸ்டு 5-ஆம் நாள் விடியற்காலையில், ஆங்கிலேயரின் கம்பிக் கப்பல் ஒன்று ஆங்கிலக் கால்வாயில் ஜெர்மானியரின் ஐந்து கம்பிகளையும் அறுத்தெறிந்தது. அப்பால் ஜெர்மானியர் கடல்கடந்த நாடுகளோடு பேசப் பிறர் கம்பியை இரந்து நிற்க நேர்ந்தது. 1917 ஜனவரியில் அவர்களுடைய அயல்நாட்டு மந்திரி ஸிம்மர்மன், மெக்ஸிகோவைத் தம் பக்கம் இழுக்கக் கருதி எழுதிய இரகசியத் தந்தியை அமெரிக்கரின் கம்பியிலேயே அனுப்பினார். அது லண்டன் வழியே சென்றது. ஆங்கிலேயர் அதனை எடுத்துப் படித்து, உரிய காலத்தில் அமெரிக்கரிடமே காட்டினர். அவ்வாண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கிற்று. அதற்குக் காரணங்கள் பல உண்டெனினும் இத்தந்தியும் அவற்றுள் முக்கியமான ஒன்று.

நம் ஊரார் மறவாத எம்டன் கப்பலின் கதையும் இதனைச் சேர்ந்ததே. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு அது சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து எண்ணெய்த் தொட்டிகளின் மேல் குண்டு வீசிற்று. பட்டினத்து ஜனங்கள் திரள்திரளாக ஊரைவிட்டு ஓடினர். 'அவன் பெரிய எம்டன்' என்னும் வழக்கும் தமிழில் நிலைத்துவிட்டது. ஆனால் அவ்வெம்டனுக்கு முடிவு எவ்வாறு வந்தது? நவம்பர் 9-ஆம் நாள் அது கோக்கோஸ் தீவுகளிலுள்ள தந்தி நிலையத்தை அழித்துக் கம்பிகளை அறுக்கச் சென்றது. நிலையத்தார் ஓடி ஒளியாமல், அந்நியக் கப்பல் ஒன்று வந்திருப்பதாகக் கம்பியில்லாத் தந்தியால் உலகறியச் செய்துவிட்டனர். அருகே படைக்கப்பல்களுக்குக் காவலாகச் சென்றுகொண்டிருந்த ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' விரைந்து வந்தது. எம்டன் சிதைந்து கரையேறிற்று. பீரங்கிக்கு அஞ்சாத எம்டன் ஒரு தந்திக்காரனின் விரலுக்குத் தோற்றது என்றால் மிகையாகாது.

இவை பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். இன்று நாம் 'இணையம்' என்றழைப்பதும் கடற்கம்பிதான். 1966-இல் சார்ல்ஸ் கவ் என்னும் விஞ்ஞானி, தூய கண்ணாடி இழையின் வழியே ஒளியால் செய்தி அனுப்பலாமென ஆராய்ந்து காட்டினார்; 2009-இல் நோபல் பரிசும் பெற்றார். 1988-இல் அட்லாண்டிக்கில் முதல் கண்ணாடி இழைக் கம்பி இடப்பட்டது. இப்போது கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் செய்தியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் கடலடியிலேயே செல்கிறது. வானத்திலுள்ள துணைக்கோள்கள் எல்லாவற்றையும் சுமக்கின்றன என்று பலர் எண்ணுவது பிழை. நம் நாட்டில் இக்கம்பிகள் மும்பை, சென்னை, கொச்சி, தூத்துக்குடி, திருவனந்தபுரம் ஆகிய சில ஊர்களிலேயே கரையேறுகின்றன. 2022 ஜனவரியில் எரிமலை வெடித்துத் தொங்கா தீவின் கடற்கம்பி அறுந்தபோது, அதனைச் சரிசெய்ய ஏறக்குறைய ஐந்து வாரம் பிடித்தது. ஒரு தேசம் முழுவதும் ஏறக்குறைய ஊமையாகிவிட்டது.

எரிமலையும் நங்கூரமும் அறுப்பது விதி. மனிதன் வேண்டுமென்றே அறுப்பதோ அதிகாரம். அதனைப் பற்றியே நாம் கவலைப்பட வேண்டும். எகிப்து தேசத்தில் 2011 ஜனவரி இறுதியில் ஜனங்கள் திரண்டெழுந்தபோது அரசாங்கம் இணையத்தை ஏறக்குறைய முழுவதும் நிறுத்தி ஐந்து நாள் அடைத்து வைத்தது. நமது நாட்டிலோ காஷ்மீரத்தில் 2019 ஆகஸ்டில் தொலைபேசியும் இணையமும் நிறுத்தப்பட்டன. 2020 ஜனவரியில் மந்தகதி இணையம் வந்தது. விரைவான இணையம் முழுமையாகத் திரும்ப 2021 பிப்ரவரி ஆயிற்று. தமிழ்நாட்டிலும் 2018 மே 22-ஆம் நாள் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்த மறுநாள், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று ஜில்லாக்களில் இணையம் நிறுத்தப்பட்டது. இறந்தவர் யார், பிழைத்தவர் யார் என்று உற்றார் தவித்த நாட்களில் அந்த வழியே அடைக்கப்பட்டது.

இவ்வதிகாரத்தின் பிறப்பையும் அறிதல் வேண்டும். 1885-ஆம் ஆண்டில் அந்நிய ஆட்சியார் இயற்றிய தந்திச் சட்டம், 'பொது நெருக்கடி' அல்லது 'பொதுப் பாதுகாப்பு' என்னும் காரணத்தால் செய்தியைத் தடுக்க இராஜாங்கத்துக்கு இடங்கொடுத்தது. சுயராஜ்யம் வந்தது; அரசியல் சாசனம் வந்தது; 1885-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் வந்தது. அவ்விரு சொற்கள் மாத்திரம் அழியாமல் அதிலும் குடியேறிவிட்டன.

இனி ஆக்ஷேபங்களைப் பார்ப்போம்.

'கலகக் காலத்தில் பொய்ச்செய்தி தீப்போலப் பரவுகிறது. உயிர் பெரிதா, இணையம் பெரிதா?' என்பர் ஒரு சாரார். உயிரே பெரிது. அதில் எனக்கு வாதமில்லை. ஆனால் கம்பி பொய்யை மாத்திரம் சுமப்பதன்று. அப்பொய்யை மறுக்கும் மெய்யையும் அதுவே சுமக்கிறது. வழியை அடைத்தால் போலீஸார் வெளியிடும் உண்மை அறிக்கையும் வீடு சேராது. வாய்வழி வதந்தியோ எந்தக் கம்பியையும் எதிர்பார்ப்பதில்லை. எம்டன் வந்த இரவுக்குப் பின் சென்னையைக் காலி செய்தது இணையமா? ஒரு சிறு வட்டாரத்தில், சில மணி நேரத்துக்கு, உயிர்ச் சேதம் நேரும் என்பது வெளிப்படையாக இருக்கும்போது நிறுத்துவதை நான் ஆக்ஷேபிக்கவில்லை. 2021 செப்டம்பரில் இராஜஸ்தானத்தில் ஆசிரியர் தேர்வுக்காக, பரீக்ஷையில் மோசடி நடவாதபடி, பல ஜில்லாக்களில் இணையத்தை நிறுத்தினார்களே, அங்கே எந்த உயிருக்கு அபாயம் நேர்ந்தது? காப்பியடிக்கும் ஒருவனைப் பிடிக்கத் திறமில்லாமல் ஊரார் அனைவருடைய வாயையும் கட்டுவது, எலிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துவதை ஒக்கும்.

'அப்படியானால் இவ்வதிகாரத்தை இராஜாங்கத்திடமிருந்து எடுத்துக் கம்பெனிகளிடம் விட்டுவிடலாம். அவர்கள் வியாபாரிகள், நிறுத்தினால் நஷ்டமடைவார்கள்' என்பர் வேறொரு சாரார். வியாபாரக் குடும்பங்கள் மிகுந்த நம் கூட்டத்தில் இவ்வாதத்துக்குச் செல்வாக்கு அதிகம். இவர்களுக்கு ஒன்று கூறுவேன். உக்ரேன் யுத்தத்தில் அந்நாட்டார் 'ஸ்டார்லிங்க்' என்னும் துணைக்கோள் இணையத்தை நம்பி நின்றனர். 2022-இல் கிரிமியாவுக்கு அருகே அதனைத் திறக்குமாறு கேட்டபோது தாம் மறுத்ததாக, அதன் சொந்தக்காரரான ஈலான் மஸ்க் அவர்களே பின்னர் கூறினார். அம்மறுப்பு சரியா தவறா என்பது வேறு கேள்வி. ஒரு தேசத்தின் போர்முனையில் செய்தி செல்வதும் செல்லாததும் ஒரு தனி மனிதரின் சித்தத்தைப் பொறுத்ததாயிற்று என்பதே நாம் நோக்கத்தக்கது. இராஜாங்கத்தை ஐந்தாண்டுக்கு ஒரு முறை வாக்கினால் மாற்றலாம். கம்பெனி முதலாளியை நாம் எதனால் மாற்றுவது?

'உலகத்தில் வல்லவன் வகுத்ததே வாய்க்கால். சட்டம் பேசி என்ன பயன்?' என்பர் மூன்றாஞ் சாரார். 1884-இல் பாரிஸில் பல நாட்டாரும் கூடிக் கடற்கம்பிகளைக் காக்க ஒப்பந்தம் செய்தனர். ஆயினும் யுத்தம் செய்வோரின் சுயேச்சையை அது கட்டுப்படுத்தாது என்று அதிலேயே எழுதிவைத்தனர். 2024 நவம்பரில் பால்டிக் கடலில் இரண்டு நாட்களுக்குள் இரண்டு கம்பிகள் சேதமுற்றன. சுற்றியுள்ள நாடுகள் சதியோ என ஐயுற்றன. ஆதலின் இவர்கள் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. பிற தேசத்தாரின் கத்திக்கு மருந்து வெறும் சட்டமன்று. பல வழிகளில் பல கம்பிகளும், பழுது பார்க்கும் கப்பலும், அத்தொழில் கற்ற நம் பிள்ளைகளுமே. ஆனால் வீட்டுக்குள்ளிருக்கும் கத்திக்குச் சட்டமே மருந்து. பகைவன் வரம்பு மீறுவான் என்பதால் நம்மை ஆள்வோரும் வரம்பு மீறலாம் என்பது நியாயமாகாது.

சட்டம் ஒன்றும் செய்யாமல் இல்லை. 2020 ஜனவரி 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் காஷ்மீர வழக்கில் தீர்ப்பளித்தது. இணையத்தின் வழியே பேசுவதும் வியாபாரம் செய்வதும் அரசியல் சாசனத்தின் பாதுகாப்புப் பெற்றவை. காலவரையறையின்றி இணையத்தை நிறுத்தலாகாது. நிறுத்தும் உத்தரவை வெளியிட வேண்டும் என்பன அத்தீர்ப்பின் சாரம். அவ்வாண்டிலேயே ஓர் உத்தரவு பதினைந்து நாளுக்கு மேல் செல்லாதென விதியும் திருத்தப்பட்டது. ஆயினும் இரண்டு குறைகள் நிற்கின்றன. நிறுத்தியது சரியா என்று பரிசீலிக்கும் கமிட்டியில் இருப்பவர் அனைவரும் இராஜாங்கக் காரியதரிசிகளே. நிறுத்தியவரும் உத்தியோகஸ்தர், நிறுத்தியது நன்றென்பவரும் உத்தியோகஸ்தர். மற்றொன்று, எங்கே எத்தனை முறை நிறுத்தப்பட்டது என்னும் கணக்கையே மத்திய சர்க்கார் வைத்திருக்கவில்லை என்பதை 2021 டிசம்பரில் பார்லிமெண்டின் நிலைக்குழு குறைகூறி எழுதியது. ஓய்வுபெற்ற நீதிபதிகள் முதலிய வெளியாரையும் கமிட்டியில் சேர்க்கும்படி யோசனையும் கூறிற்று. கணக்கில்லாத கடை நடத்தினால் நம்மை வரி அதிகாரி விடுவாரா? குடிகளின் வாயை அடைத்த கணக்கு மாத்திரம் வேண்டாமோ?

சங்கத்தார் செய்யக்கூடியது யாது? நம் ஊரில் எப்போதேனும் இணையம் நிறுத்தப்பட்டால், அவ்வுத்தரவின் பிரதியைச் சங்கத்தின் பெயரால் எழுதிக் கேட்போமாக. கிடைத்தால் காரணத்தைப் படிப்போம். கிடையாவிட்டால் அதனையே பத்திரிகைக்கு எழுதுவோம். பரிசீலனைக் கமிட்டியில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரேனும் இடம்பெற வேண்டுமென்று நம் சட்டசபை அங்கத்தினரிடமும் பார்லிமெண்டு அங்கத்தினரிடமும் விண்ணப்பிப்போமாக. இது எந்தக் கட்சிக்கும் விரோதமான காரியமன்று. இன்று ஆள்பவர் நாளை எதிர்க்கட்சியில் அமர்வர்; அன்று இவ்வரம்பு அவர்களுக்கும் வேண்டும்.

சங்கத்தின் கல்வி நிதியில் உபகாரச் சம்பளம் பெறும் மாணவர்களுள் ஒருவரிருவரேனும் கடற்கம்பித் தொழிலையும் ஒளியியலையும் கற்கும்படி தூண்ட வேண்டும். இயந்திரத்தை வாங்கத் தெரிந்து, பழுது பார்க்கத் தெரியாத சமூகம் என்றும் பிறர் கையை எதிர்பார்த்தே நிற்கும். வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை: கைபேசிப் பணத்தை மாத்திரம் நம்பிக் கல்லாப்பெட்டியைக் காலியாக வைக்க வேண்டாம், பற்று வரவைக் காகிதப் பேரேட்டிலும் எழுதி வையுங்கள். இது பழமைப் பித்தன்று; முன்னெச்சரிக்கை.

பெண்மணிகளும் இதனைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாத இராஜீய விஷயமென்று கருதலாகாது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகனோடு தாய் நாள்தோறும் பேசுவதும், பேறுகாலத்து மகளின் வீட்டிலிருந்து நள்ளிரவில் செய்தி வருவதும் இக்கம்பியினாலேதான். அது அறுபடும் நாளில் முதலில் கலங்குவது வீடே. மந்திரி சபை அன்று.

கம்பியை அறுக்கும் அதிகாரம் உலகில் இல்லாமற்போகும் என்று நான் கனாக் காணவில்லை. அதனை எடுப்பவர் தம் பெயரையும், காரணத்தையும், காலவரையறையையும் எழுதிக் கையொப்பமிட்டு, வெளியார் ஒருவர் முன்னிலையில் எடுக்கட்டும் என்றே கேட்கின்றேன். சுதந்தர தேசத்துக் குடிகள் கேட்கத்தக்கது இதனினும் குறைவாக இருத்தலாகாது. என் அபிப்பிராயத்தோடு மாறுபடுவோர் அடுத்த கூட்டத்தில் எழுந்து மறுப்பார்களாயின் மகிழ்வேன்.