பெயரும் எண்ணும்



ஒரே வகுப்பில் மூன்று முருகேசன்கள் இருப்பதுண்டு. சேர்க்கைப் பதிவேட்டில் மூவருக்கும் எண் வேறு. மாற்றுச் சான்றிதழ் எழுதும் தலைமையாசிரியர் நோக்க வேண்டுவது பெயரையன்று, அந்த எண்ணையே. கணிப்பொறியும் இம்முறையிலேதான் தன் பயனர்களை அறிகின்றது.

யூனிக்ஸ் குடும்பத்துப் பொறிகள் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு சிறிய எண்ணை வழங்குகின்றன. விண்டோஸோ, எஸ்-1-5-21 எனத் தொடங்கும் நீண்டதோர் அடையாளக் கோவையை வழங்குகின்றது. அதன் நடுப்பகுதி பொறியைக் குறிக்கும். இறுதி எண் ஆளைக் குறிக்கும். விண்டோஸின்மீது யூனிக்ஸ் சூழலை அமைத்துத் தரும் சிக்வின் என்னும் மென்பொருளை, 1995-இல் ஸ்டீவ் சேம்பர்லேன் என்பார் சிக்னஸ் நிறுவனத்தில் தொடங்கினார். இருவகை அடையாளங்களையும் இணைப்பது அதன் கடமைகளுள் ஒன்று. இணைக்கும் கணக்கு எளியது: அப்பொறிக்கே உரிய பயனராயின், இறுதி எண்ணுடன் 196608-ஐக் கூட்டுக. 1001 என்பவர் 197609 ஆவார். சிக்வின் சாளரத்தில் 'ஐடி' என்று கட்டளையிட்டால் இவ்வெண் தோன்றும்.

என்னுடன் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், பல்லாண்டுகளாக வட்டார வழக்குச் சொற்களைத் தொகுத்து வந்தார். வேறு படி எடுத்து வைக்கவில்லை. பழைய பொறி பழுதுற்றது. அதன் வன்தட்டைப் புதிய பொறியில் இணைத்தார். அனுமதி இல்லை என்று மறுத்துவிட்டது. "பயனர் பெயர் அதேதானே, ஐயா! நான் எழுதியதை நானே படிக்கக் கூடாதா?" என்று கலங்கினார். சிக்வினில் கோப்புகளைப் பட்டியலிட்டுப் பார்த்தோம். உரிமையாளர் இடத்தில் 'அன்நோன் யூசர்', அதாவது அறியப்படாத பயனர், என்றிருந்தது. விண்டோஸின் 'ஐகேக்கிள்ஸ்' கட்டளை பழைய கோவையை முழுமையாகக் காட்டிற்று. 'ஹூஆம்ஐ' கட்டளையுடன் 'யூசர்' என்பதைச் சேர்த்திட, புதியது தெரிந்தது. இரண்டும் 1001 என்றே முடிந்தன! நடுப்பகுதி மட்டும் வேறு. இரு பள்ளிகளிலும் சேர்க்கை எண் 1001 உடைய மாணவர் இருக்கலாம். அதனால் அவ்விருவரும் ஒருவராகிவிடுவரோ?

நோய் தெரிந்தபின் மருந்து அரிதன்று. சிக்வின் சாளரத்தை நிருவாகி உரிமையுடன் திறந்து, முதலில் கோப்புகளுக்குப் படி எடுத்தோம். பின்னர் 'சிஎச்ஓன்' கட்டளையால் அந்த ஓர் அடைவின் உரிமையை மட்டும் புதிய பயனருக்கு மாற்றினோம். வன்தட்டு முழுவதற்கும் இதனைச் செய்தல் தகாது. விண்டோஸுக்குரிய கோப்புகளின் உரிமையும் குலைந்துவிடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. 2015-இல் 1.7.34 பதிப்பு வருமுன், சிக்வின் 'பாஸ்டபிள்யூடி' என்னும் கோப்பில் பயனர் பட்டியலை வைத்திருந்தது. இப்போது விண்டோஸிடமே நேராகக் கேட்டறிகின்றது. ஆயினும் பழைய கோப்பு 'எட்ஸி' அடைவில் எஞ்சியிருப்பின், முதலில் அதனையே நம்பும். 'ஐடி' காட்டும் எண் நம் கணக்கோடு ஒவ்வாவிடின் அங்கே பாருங்கள். அக்கோப்பை அழிக்க வேண்டா. பெயரை மாற்றி வைத்து, சிக்வின் சாளரங்கள் அனைத்தையும் மூடித் திறந்து, மீண்டும் 'ஐடி' கேளுங்கள்.

சிலர் அக்கோப்பில் தம் எண்ணைச் சுழியமாகத் திருத்தி, யூனிக்ஸின் தலைமை நிருவாகியாகிவிட்டதாக எண்ணுவர். பதிவேட்டில் மதிப்பெண்ணைத் திருத்தும் மாணவனின் சாமர்த்தியம் இது! விண்டோஸ் அச்சுழியத்தைப் பொருட்படுத்துவதில்லை. தான் வழங்கிய நீண்ட கோவையையே நோக்கும்.