நாலாம் வகுப்பிலேயே கல்லூரி வாசல்

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் துறைமுக நகரம் லாங் பீச். 2008-ல் அங்குள்ள அரசுப் பள்ளி நிர்வாகமும் நகரின் சமுதாயக் கல்லூரியும் மாநிலப் பல்கலைக்கழகமும் கைகோத்து, பிள்ளைகளுக்கு ஒரு வாக்குறுதி கொடுத்தன: பள்ளியைத் தகுதியோடு முடித்துவா, கல்லூரியில் இடம் உண்டு. சமுதாயக் கல்லூரியில் முதல் பருவத்துக்குக் கட்டணமும் இல்லை என்றார்கள். பின்னாளில் சலுகை இன்னும் நீண்டது.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. நாலாம் வகுப்புப் பிள்ளைகளைச் சமுதாயக் கல்லூரிக்கும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கும் அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டுகிறார்கள். வீட்டில் யாருமே கல்லூரி வாசலை மிதித்திராத குழந்தைக்கு அது எவ்வளவு பெரிய தைரியம்! பன்னிரண்டாம் வகுப்பில் வந்து சொல்லும் அறிவுரைக்கு அந்த வலு கிடையாது.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கல்லூரி இருந்தால், அனுமதி கேட்டு, பிள்ளைகளை ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.