சான்று உண்டா என்று கேட்போம்



நமது மஹல்லாவில் மூளை முடக்குவாதத்துடன் பிறந்த ஒரு சிறுவனின் மருந்துச் செலவுக்கு ஆறு ஆண்டுகளாக பைத்துல்மாலிலிருந்து உதவி வந்தோம். மாற்றுத்திறனாளி என்னும் அரசுச் சான்று அவனுக்கு உண்டா என்று ஒருமுறையேனும் நாம் வினவவில்லை. அஃது இல்லாமையால் அவனுக்குரிய எதுவும் அவனை வந்தடையவில்லை. இக்குறை நம்முடையதே.

2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. இணையவழி விண்ணப்பித்து, அரசு மருத்துவர்களின் பரிசோதனைக்கு உட்பட்டால் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் கிடைக்கும். 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் வழி நடைபெறும் 'நிராமயா' காப்பீடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. தொடர் பயிற்சிச் சிகிச்சைகளும் அதில் அடங்கும்; காப்பீட்டில் சேர முன்பரிசோதனை தேவையில்லை. மாதப் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும்.

அச்சிறுவனுக்கு இவ்வாண்டு சான்று பெற்றுத் தந்தோம். இழந்த ஆறு ஆண்டுகளை நம்மால் மீட்டுத் தர இயலாது. ஆதலால் பிள்ளைகளை வீட்டுக்குள் மறைத்து வைக்காதீர்கள். ஜும்ஆவுக்குப் பின் நமது அலுவலகத்திற்கு வாருங்கள். விண்ணப்பத்தை நாமே நிரப்பித் தருவோம், இன்ஷா அல்லாஹ்.