வழித்துணையும் ஆட்டுவிக்கும் கையும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூடலூருக்கு மேலே மலைமுகட்டில் நிற்கும் கண்ணகி கோட்டத்திற்குச் சித்திரை முழுநிலவு நாள் ஒன்றில் மட்டுமே மக்கள் செல்ல இசைவு உண்டு என்பதை இவ்வவையோர் நன்கு அறிவர். பளியன்குடி வழியாக நடந்து ஏறுபவரும் குமுளி வழியாக ஊர்தியில் செல்பவரும் பெரும்பாலும் துணையோடுதான் செல்கின்றனர். மலையேற்றத்தில் துணை என்பது வெறும் எண்ணிக்கையன்று. உடன்வருபவர் எங்கே நிற்பார், எங்கே விரைவார், யாருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பார் என்பதெல்லாம் அவரவர் இயல்பைப் பொறுத்தது. அதனை முன்செல்பவர் தம் விருப்பப்படி அமைத்துவிட இயலாது.

இச்செய்தியை ஒரு புதிய களத்தில் வைத்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம். அக்களம் கணிப்பொறி விளையாட்டு. இலக்கிய மன்றத்தில் இதற்கு என்ன இடம் என்று முதியோர் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். ஆயினும் அவர்தம் பேரப்பிள்ளைகள் மாலை நேரங்களில் கைப்பேசியில் எதனை ஆடுகின்றனர் என்று ஒருமுறை உற்று நோக்கினால், அங்கே ஒரு காப்பியத்தின் எலும்புக்கூடு இருப்பதைக் காணலாம். ஒரு தலைவன் அல்லது தலைவி, உடன்செல்லும் துணைவர் சிலர், நெடுவழி, இடையிடையே போர் என்பதே அதன் அமைப்பு. பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என இதனைக் கூறலாம். குழுவில் நால்வர் இருப்பர், சிலவற்றில் அறுவர். ஒருவர் வாள் ஏந்துவார், மற்றொருவர் மந்திரம் அறிந்தவர், இன்னொருவர் புண் ஆற்றுபவர். ஆடுபவரோ ஒருவரே. அப்படியாயின் போரின்போது எஞ்சியவரை இயக்குவது யார்? ஆடுபவர் கையா, பொறியின் மதியா? இவ்வகை விளையாட்டில் ஈடுபட்டோரிடையே இவ்வினா நெடுங்காலமாக வழக்கிடப்பட்டு வருகின்றது.

தமிழில் இதற்கு வினைச்சொற்களே வழிகாட்டுகின்றன. ஆடுதல் தன்வினை, ஆட்டுதல் பிறவினை. எல்லாத் துணைவரையும் ஒருவரே இயக்கும்போது அவர் ஆடுவதில்லை, ஆட்டுகிறார். இதற்குப் பழைய சான்று நம் தோற்பாவைக் கூத்து. தஞ்சையில் மராட்டியர் ஆட்சி நிலவிய காலத்தோடு தொடர்புடையவராகக் கருதப்படும், மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட கலைஞர் மரபு இக்கலையைத் தென்மாவட்டங்களில் பேணி வந்தது. வெள்ளைத்திரைக்குப் பின் அமர்ந்த ஒருவரே இராமனாகவும் இராவணனாகவும் பேசுவார். உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்னும் நகைப்பாத்திரங்களுக்கும் அவரே குரல் தருவார். இத்தனை குரல்களும் ஒரு தொண்டையிலிருந்து வருகின்றன என்பதை அறிந்தும் திரைக்கு முன் இருப்பவர் மயங்குகின்றனர். ஆனால் ஆட்டுபவர் ஒருபோதும் மயங்குவதில்லை. எந்தப் பாவையும் அவரை ஏமாற்றுவதில்லை. அவருக்கு எதிர்பாராத உதவி செய்வதும் இல்லை. கையால் இயக்கும் விளையாட்டில் ஆடுபவர் நிலையும் இதுவே. அவருக்குப் பார்வையாளரின் மயக்கம் வாய்ப்பதில்லை.

வெற்றி மட்டுமே குறிக்கோளாயின் கையே சிறந்தது என்பதில் ஐயமில்லை. பொறிக்குத் தெரியாதவை பல. அடுத்த அறையில் பெரும்பகை காத்திருக்கிறது என்று ஆடுபவர் ஊகித்திருப்பார். பொறியின் துணைவரோ சிறு கீறலுக்குக் கடைசி மருந்தைச் செலவிட்டுவிடுவார். நெருப்பு மழையைப் பகைவர் கூட்டத்தின்மீது ஏவும்போது அக்கூட்டத்தின் நடுவே தம் தோழரும் நிற்கின்றார் என்பதை மந்திரம் அறிந்தவர் மறந்துவிடுவார்.

இத்தகைய பிழைக்குப் புகழ்பெற்ற பாத்திரம் ஒன்று உண்டு. 1990ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்' வரிசையின் நான்காம் விளையாட்டு ஐந்து இயல்களை உடையது. முதல் நான்கு இயல்களில் வெவ்வேறு மாந்தரை ஆடுபவரே தம் கையால் நடத்திச் செல்வார். ஐந்தாம் இயலில் அவரனைவரும் தலைமகனிடம் வந்து சேர்வர். சேர்ந்ததும் போர்க்களத்தில் தலைமகன் ஒருவனே ஆடுபவர் கையில் இருப்பான். ஏனையோர் தாமே போரிடத் தொடங்குவர். உயிரைக் காத்துக்கொள், முழுவலியோடு தாக்கு என்பன போன்ற பொதுக்கட்டளைகளை மட்டுமே அவர்களுக்கு இட இயலும். அவருள் சமயப்பணியாளர் ஒருவர், ஒரே வீச்சில் உயிர்கவரும் மந்திரத்தை, அது சற்றும் பலிக்காத பெரும்பகைவர்மீதும் மீண்டும் மீண்டும் ஓதிக்கொண்டிருப்பார். இங்கே தலைவன் சாய்ந்துகொண்டிருப்பான். அவரோ மந்திரத்தை விடமாட்டார். ஜப்பானியர் இன்றளவும் இதனைச் சொல்லி நகைக்கின்றனர். 2001ஆம் ஆண்டு வெளிவந்த மறுபதிப்பில் துணைவரையும் நேராகக் கட்டளையிட வழிசெய்யப்பட்டது. இதில் நுட்பமான ஒன்று உண்டு. இரண்டாம் இயலில் அதே சமயப்பணியாளர் ஆடுபவர் கையில்தான் இருந்தார். அப்போது அவர் பிழை செய்ததில்லை. தன்னுரிமை பெற்றதும்தான் அவருக்கு ஒரு குணம் வாய்த்தது. அக்குணம் அசட்டுத்தனமே. எனினும் குழுவில் பலரும் மறவாது நினைவில் வைத்திருப்பவர் அவரே.

2006ஆம் ஆண்டின் 'பெர்சோனா 3' என்னும் விளையாட்டிலும் இந்நிலை உண்டு. ஆடுபவரின் ஆணைக்கு நேராக உட்படுபவன் தலைமாந்தன் ஒருவனே. அவன் வீழ்ந்தால், உயிர்ப்பிக்கவல்ல தோழர் அருகில் நின்றாலும் ஆட்டம் முடிந்துவிடும். 2009இல் வந்த கையடக்கப் பதிப்பு தோழரையும் ஆடுபவர் கையில் ஒப்படைத்தது. வசதி மிகுந்தது என்று பலர் மகிழ்ந்தனர். தோழர் தோழராக இருந்தது முதற்பதிப்பில்தான் என்று வருந்தியவரும் உண்டு. இருசாராரும் மெய்யே சொல்கின்றனர்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. இலக்கணம் கற்றவர்க்கு அதுவே சுவை மிகுந்தது. அதே 2006ஆம் ஆண்டு வெளிவந்த 'பைனல் பேண்டசி' வரிசையின் பன்னிரண்டாம் விளையாட்டில், ஒவ்வொரு துணைவருக்கும் ஆடுபவர் முன்கூட்டியே விதிகள் எழுதி வைக்கலாம். 'தோழர் எவருடைய உயிர்வலிமையேனும் பாதிக்குக் கீழ் இறங்கினால் அவரைக் குணப்படுத்துக' என்பது ஒரு விதி. 'தலைவன் தாக்கும் பகைவனைத் தாக்குக' என்பது மற்றொன்று. துணைவர் மேலிருந்து கீழாக விதிகளை நோக்கி, முதலில் பொருந்துவதைச் செய்வார். ஆகவே வைப்புமுறை உயிர்நாடியானது. இவ்விரு விதிகளையும் இடம் மாற்றி வைத்தால் தோழர் துடித்துக்கொண்டிருக்க மருத்துவர் வாளைச் சுழற்றிக்கொண்டிருப்பார். விதி பிழையன்று, அதன் வரிசை பிழை. நூற்பா வைப்புமுறைக்கு உரையாசிரியர்கள் ஏன் அத்துணை வாதிட்டனர் என்பது மாணவர்க்கு விளங்காதபோது இவ்விளையாட்டைக் காட்டலாம் போலும்.

எத்துணை விதி வகுத்தாலும் மொழி அதனை மீறும் என்பதை நம் இலக்கணிகள் அறிந்திருந்தனர். அதனாலேயே இயலின் இறுதியில் புறனடை வைத்தனர். மேற்சொன்ன விளையாட்டிலும் புறனடை உண்டு. விதிகள் இயங்கிக்கொண்டிருக்கும்போதே ஆடுபவர் குறுக்கிட்டு, அந்த ஒருகணத்திற்கு மட்டும் நேராகக் கட்டளையிடலாம். 1998இல் கனடாவிலிருந்து வந்த 'பால்டர்ஸ் கேட்' இதனை வேறு வகையில் செய்தது. அறுவர் குழு தானே போரிடும். ஆடுபவர் விரும்பியபோது காலத்தையே நிறுத்தி ஒவ்வொருவருக்கும் ஆணையிட்டு மீண்டும் ஓடவிடலாம். நிறுத்தத் தவறினால் ஒரு துணைவர் மீட்க முடியாதபடி மாண்டுபோதலும் உண்டு. அந்த இறப்புக்குப் பொறுப்பு யாருடையது என்பது ஆடியவரின் மனத்தை உறுத்தும். தாமே ஆணையிட்டு அனுப்பியிருந்தால் பழி தம்முடையது. தாமாகச் சென்று மாண்டாலோ, விட்டுவிட்டது யார் என்னும் வினா எழும்.

திருக்குறளின் 51, 52ஆம் அதிகாரங்கள் இவ்விடத்தில் துணைசெய்கின்றன. ஒருவரை ஆராய்ந்து, இவரால் இது முடியும் என்று தெளிந்தபின் அப்பணியை அவரிடமே விட்டுவிட வேண்டும் என்பது தெரிந்து வினையாடல். ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்பது தெரிந்து தெளிதல். கணந்தோறும் காலத்தை நிறுத்தி ஒவ்வொருவரையும் திருத்துபவர் நம்பியபின் ஐயுறுபவர். எதனையும் எழுதிவைக்காமல் பொறியிடம் விட்டவர் ஆராயாமல் நம்புபவர். அரசனுக்குச் சொன்னது ஆடுபவனுக்கும் இவ்வளவு பொருந்துவது வியப்புக்குரியது.

இனி மலைமேல் இருப்பவளிடம் வருவோம். சிலப்பதிகாரத்தில் புகாரிலிருந்து மதுரைக்குச் செல்லும் குழு மூவரைக் கொண்டது: கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள். இம்மூவருள் கவுந்தியை எவரும் அழைக்கவில்லை. மதுரையில் அறம் கேட்கும் விருப்பினால் அவரே உடன்வருகின்றார். புறப்படும் முன் வழியின் இடர்களை விரித்துரைக்கின்றார். சோலைவழியில் கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும். வயல்வழியில் நீர்நாய் கௌவிய வாளைமீன் குறுக்கே பாய, கண்ணகி அஞ்சக்கூடும். கரும்பிலிருந்து தேன் சிந்திய நீரைத் தாகத்தால் அவள் பருகிவிடக்கூடும். வரப்பில் நடக்கையில் நண்டும் நத்தையும் மிதிபடக்கூடும். இன்ன இடத்தில் இன்னது நேரும் என்று அடுக்கிச் சொல்லும் இப்பகுதியை, முன்கூட்டி எழுதிய விதிப்பட்டியல் என்றே சொல்லலாம்.

ஆனால் காவிரியைக் கடந்தபின் ஒரு பொழிலில் நிகழ்ந்ததற்கு எப்பட்டியலிலும் விதி இல்லை. வழியில் வந்த பரத்தை ஒருத்தியும் அவளுடன் வந்தவனும் இவ்விருவர் யார் என வினவ, தம் மக்கள் என்கின்றார் கவுந்தி. ஒரு வயிற்றுப் பிறந்தோர் கணவனும் மனைவியுமாய் வாழ்வதுண்டோ என்று அவர்கள் எள்ளுகின்றனர். கண்ணகி செவி புதைத்து நடுங்குகின்றாள். கவுந்தி எவரையும் கேட்கவில்லை. அவ்விருவரும் நரியாகுமாறு சபித்துவிடுகின்றார். தலைவனும் தலைவியும் அஞ்சி வேண்ட, பன்னிரண்டு திங்களில் சாபம் நீங்கும் என்று குறைக்கின்றார். சிற்றுயிர் மிதிபடுமே என்று வருந்திய துறவி, சினத்தில் இருவரை நரியாக்குகின்றார். எந்தக் கையும் இவ்வாறு ஆட்டுவித்திராது. அவருடைய அன்பும் பிழையும் இங்கே ஒரே வேரில் முளைக்கின்றன.

கண்ணகியின் நிலை வேறு. கணவன் எழுக என்றான், எழுந்து வந்தாள். கொலைக்களக் காதையில் கோவலன் வருந்தும்போது அவள் இதனையே நினைவூட்டுகின்றாள். அவளுக்குத் தன்மனம் இல்லை என்பதன்று. சிலம்பு உளது என்று முன்வந்து சொன்னவள் அவள். பொய்கையாடித் தொழுதால் கணவனைக் கூடலாம் என்ற தேவந்தியின் யோசனையைப் பெருமையன்று என மறுத்தவளும் அவளே. எனினும் வழிநெடுக அவள் கோவலன் கையில் இருந்தாள். மதுரையில் தன் சிலம்பை விற்கத் தனியே செல்கின்றான் கோவலன், அவள் தடுக்கவில்லை. அவன் மாண்டபின் அவளுக்கு ஆணையிட எவரும் இல்லை. வழக்குரைத்த கண்ணகி அதற்குப் பின்பே தோன்றுகின்றாள்.

உடன்வந்தவரின் முடிவை நீர்ப்படைக் காதையில் மாடலன் சொல்கின்றான். அடைக்கலமாகக் கண்ணகியை ஏற்ற ஆயர்முதுமகள் மாதரி தீப்புகுந்தாள். ஒப்படைத்த கவுந்தி உண்ணா நோன்பிருந்து உயிர்விட்டார். இருவருள் ஒருவரும் கொலைக்குக் காரணரல்லர். தாமாக ஏற்ற பொறுப்பைத் தாமாகவே தீர்த்துக்கொண்டனர். ஆட்டுவிக்கப்பட்டவர்க்கு இக்கடன் இல்லை. பாவைக்குக் குற்றவுணர்வு ஏது?

2023ஆம் ஆண்டில் வெளிவந்து உலகெங்கும் பெரும்புகழ் பெற்ற 'பால்டர்ஸ் கேட் 3' இங்கே கருதத்தக்கது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குமுன் முதல் விளையாட்டில் துணைவர் தாமே போரிட்டனர். மூன்றாவதில் அவரவர் முறை வரும்போது நால்வரையும் ஆடுபவரே நகர்த்த வேண்டும். போரில் பாவைக்கூத்தே திரும்பிவிட்டது. ஆயினும் போர் ஓய்ந்தபின் துணைவர் பேசத் தொடங்குகின்றனர். ஆடுபவரின் செயலை மெச்சுகின்றனர், வெறுக்கின்றனர்; பொறுக்க முடியாதபோது குழுவைவிட்டு நீங்கியும் விடுகின்றனர். உடலை ஆடுபவர்க்குக் கொடுத்து மனத்தைத் துணைவரிடமே விட்ட இவ்வமைப்பு, முன்னர்க் கண்ட எல்லாவற்றினும் மேம்பட்டதாகத் தோன்றுகின்றது. போரில் விரல் பிழைத்தால் ஆடுபவர் தம்மையே நொந்துகொள்ளலாம். அறத்தில் பிழைத்தாலோ துணைவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இதற்கு எதிர்முனையில் இருப்பது கைப்பேசி விளையாட்டுகள் பலவற்றில் காணும் 'ஆட்டோ' என்னும் பொத்தான். அதனை அழுத்திவிட்டால் துணைவர் மட்டுமன்றித் தலைவனும் தானே போரிடுவான். பிள்ளை உணவருந்தச் சென்று திரும்புவதற்குள் வெற்றி வந்துவிடும். கம்பம் சந்தையிலிருந்து இரவில் திரும்பும் வண்டிக்காரர் கண்ணயர்ந்தாலும் காளைகள் வீடு சேர்ந்துவிடும் என்று முன்னோர் சொல்வதுண்டு. அதனோடு இதனை ஒப்பிடுதல் பொருந்தாது. அக்காளைகளுக்கு அவர் வைக்கோல் இட்டார், வழி பழக்கினார். மறுநாள் விடியலில் அவற்றின் முகத்தில் விழித்தார். பொத்தானை அழுத்தியவர் தம் துணைவர் பெயரையும் அறியார். ஆராய்ச்சியும் இல்லை, தெளிவும் இல்லை. விடுதல் ஒன்றே எஞ்சுகின்றது.

ஆகவே பிள்ளைகளிடம் விளையாடாதே என்பதைவிட, உன் குழுவில் யார் யார் உளர், அவருக்கு என்ன விதி எழுதினாய், ஏன் அவ்வரிசையில் எழுதினாய், எப்போது குறுக்கிட்டாய் என்று வினவுதல் பயன்தரும். தேர்வுக்கு ஆயத்த விடையை மனனம் செய்வித்து அனுப்பும் ஆசிரியர் உலகிற்கு இவ்வினாக்களைக் கேட்கும் தகுதி முழுவதும் உண்டா என்பது வேறு செய்தி.

மதுரையை எரித்தபின் வையையின் கரைவழியே மேற்கே நடந்து கண்ணகி மலையேறியபோது கவுந்தி உடனில்லை, மாதரியும் இல்லை. வேங்கை நிழலில் நின்றவளைக் குறவர் கண்டனர். யார் என்று வினவினர். எவரும் எழுதிக்கொடாத விடையை அவளே சொன்னாள்.