உறையும் குருதியும் உதிரும் கருவும்

வெள்ளவத்தையிலாயினும் கொட்டாஞ்சேனையிலாயினும், மணமாகிச் சில ஆண்டுகளுள் மும்முறை கருச்சிதைவுற்ற இளம்பெண் ஒருத்தி இருப்பாளாயின், அவ்வீட்டில் முதலிற் புரட்டப்படுவது சாதகக் குறிப்பே. கிரகதோடம் என்பார் ஒருவர். மாடிப்படி ஏறி இறங்கியதாற் கெட்டது என்பார் மற்றொருவர். பழி முழுதும் அப்பெண்ணின் தலைமேலே விழும். குருதியைச் சோதித்துப் பார்ப்போம் என்பார் அரியர்.

நோயை எதிர்ப்பதற்கென உடல் ஆக்கும் பொருள்கள் பிறபொருளெதிரிகள் எனப்படும். சிலரது உடலில் இக்காவற்படை காக்க வேண்டிய மனையையே தாக்குகின்றது. உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள பொஸ்போலிப்பிட்டு என்னும் கொழுப்புப் பொருளையும், அதனோடு சேரும் புரதங்களையும் பகையென எண்ணுகின்றது. அதனால், ஓட வேண்டிய குருதி குழாயினுள்ளேயே உறைகின்றது. காலில் உறையின் வீக்கம். மூளையில் உறையின் இளவயதிலேயே பாரிசவாதம். கருவுற்றவளிடத்தோ நச்சுக்கொடி பழுதுற்றுக் கரு அழிகின்றது. இவையாவும் ஒரே நோயின் கூறுகள் என்பதனை 1983 ஆம் ஆண்டில் இலண்டனில் வைத்தியர் கிரகாம் ஹியூஸ் விளக்கினார்.

இவ்வெதிரிகள் ஒருமுறை காணப்பட்டாற் போதாது. தொற்றுநோய்களின் பின்னும் சிலகாலம் தோன்றி மறைவதுண்டு. ஆதலின் 12 வாரமேனும் கழித்து மீண்டும் சோதித்தே நோயினை உறுதி செய்வர்.

பரிகாரம் எளியது. சிற்றளவு அஸ்பிரின் வில்லையும், தோலின்கீழ் ஏற்றும் ஹெப்பாரின் ஊசியுமே அது. இலண்டனில் நடந்து 1997 இல் வெளியான ஆய்வொன்றில், இவ்வெதிரிகளை உடையவராய்ப் பன்முறை கருவிழந்த 90 பெண்கள் பங்குகொண்டனர். அஸ்பிரின் மட்டும் பெற்ற 45 பேருள் 19 பேரும், இரண்டும் பெற்ற 45 பேருள் 32 பேரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றெடுத்தனர்.

குழாயில் ஏலவே குருதி உறைந்தவர்க்கு நெடுங்கால மருந்து வார்பரின் ஆகும். அது கருவை ஊறு செய்யவல்லது. ஹெப்பாரினோ நச்சுக்கொடியைக் கடப்பதில்லை. எனவே தாய்மையை விரும்புபவள் முன்னரே வைத்தியரிடம் கூறல் வேண்டும். வல்லாரையும் முருங்கையிலையும் ஒருநாள் மிகுதியாக உண்டு, மறுநாள் முற்றாக விடுதலும் தகாது. கீரையிலுள்ள விற்றமின் கே வார்பரினின் வலிமையைக் குறைக்கும். அளவு ஒருசீராக இருத்தலே நன்று.

புதியன யாவும் நல்லனவாய் முடியவில்லை. வார்பரினுக்கு மாற்றாக ரிவரொக்சபான் என்னும் வில்லையைச் சோதித்த இத்தாலிய ஆய்வு, அதனை உண்டோரிடத்துக் குருதியுறைவு மிகுந்தமையால் இடையில் நிறுத்தப்பட்டது. அதன் முடிவு 2018 இல் வெளியாயிற்று. மலேரியாவுக்கென வந்த ஹைட்ரொக்சிகுளோரொகுயின், வாதநோய்க்கு வழங்கும் செர்ற்றோலிசுமாப் ஆகியன இந்நோயிலும் ஆராயப்பட்டு வருகின்றன.

கருச்சிதைவு அனைத்துக்கும் இதுவே காரணமன்று. ஆயின், காரணம் இதுவாயின் மருந்துண்டு. பொறளையில் டி சொய்சா மகளிர் வைத்தியசாலை 1879 ஆம் ஆண்டு முதல் தாய்மாரை ஏற்று வருகின்றது. வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் அது தொலைவன்று. பழிசொல்லும் உறவினர், அப்பெண்ணை அழைத்துக்கொண்டு வைத்தியர்முன் ஒருமுறை செல்வாராயின், அடுத்த கரு பிழைத்தலுங் கூடும்.