வேகமும் குழாயும்

காரைப் பந்தயத்திற்கென மாற்றுவோர் எஞ்சினின் ஆற்றலைப் பெருக்குவர்; பெட்ரோல் வரும் வழியை மறந்துவிடுவதுண்டு. பம்பு சிறிதாகவோ குழாய் குறுகலாகவோ இருப்பின், முழு வேகத்தில் கலவையில் பெட்ரோல் குறையும். வெப்பம் மிகுந்து பிஸ்டனே உருகக்கூடும்.

அகலமான குழாய் மட்டும் போதுமா? போதாது. இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. அது ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பரைக் கெடுக்கும். சில உலோகங்களை அரிக்கும். அத்தகைய அரிமானத்தை, நான் வாழும் செக்காலை அமைந்த காரைக்குடியிலேயே, 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்து வருகிறது.

கெட்ட குழாயில் கசியும் பெட்ரோல், சூடேறிய புகைக்குழாயருகே தீப்பற்றலாம், உயிருக்கே கேடு. ஆகவே எத்தனாலைத் தாங்கும் குழாயையே பொருத்துங்கள். சூட்டினின்று விலக்கிக் கட்டுங்கள். கசிவில்லை எனக் கண்ட பின்னரே வேகத்தை நாடுங்கள்.