கரண்டி யார் கையில்?

(இளைஞர்களுக்கான ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



'கிராமங்களுக்குக் கொடையாளர்கள் எப்படித் துணைநிற்கலாம்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் கொடை வாங்குகிற தெருவிலிருந்து வந்தவள். அதனால் தலைப்பைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுத்தான் பேச முடியும்.

எங்கள் ஊர் இருக்கன்குடிக்குப் பக்கம். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் மாரியம்மன் கோயில். ஆடி கடைசி வெள்ளி வந்தால் சாத்தூர்ச் சாலை முழுக்க நடந்து வருகிற சனம்தான். வழியெல்லாம் மோர்ப் பந்தல், சாப்பாட்டுப் பந்தல். ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு பட்டாசு ஆலை அல்லது அச்சகத்தின் பெயர் போட்ட பேனர். சின்ன வயதில் அம்மாவோடு அங்கே சாப்பிட்டிருக்கிறேன். சோறு நன்றாகத்தான் இருக்கும், அதில் குறை சொல்ல மாட்டேன். ஒரு வருஷம், அம்மா திரி வைக்கப் போகிற ஆலையின் பெயரே ஒரு பந்தலில் தொங்கியது. அம்மா வரிசையில் நின்று இலை வாங்கிக்கொண்டு வந்தாள். "நம்ம காசுதான், நல்லா சாப்பிடு" என்றாள். அவள் சொன்னது எனக்குப் புரியப் பத்து வருஷம் ஆயிற்று.

இன்னொன்றும் பார்த்தேன். அந்தப் பந்தலில் விறகு பிளக்கவும் எச்சில் இலை எடுக்கவும் எங்கள் காலனி ஆட்களைக் கூப்பிடுவார்கள். கரண்டி பிடிக்க ஒருவரையும் கூப்பிட்டதில்லை.

கொடை என்றாலே மேலிருந்து கீழே வருவது என்று நினைக்கிறோம். எங்கள் சீமையிலேயே வேறு மாதிரி நடந்திருக்கிறது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலர் ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி. விவேகானந்தர் சிகாகோ போக ஊக்கமும் உதவியும் தந்தவர், வள்ளல் என்று பெயர் எடுத்தவர். அதே வள்ளல்தான் கோயிலின் தீட்டுக் கழிக்க நாடார்களிடம் செலவு கேட்டு வழக்குப் போட்டார். பின்னால் அவர் சமரசத்துக்கு இறங்கி வந்ததும் உண்டு. ஆனாலும் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்கள் தோற்றார்கள். இடையில் 1899இல் சிவகாசிக் கொள்ளை வேறு.

அந்த நெருக்கடியில் அவர்கள் வள்ளல்களை நம்பி உட்காரவில்லை. உறவின்முறை என்று ஓர் அமைப்பு இருந்தது. விற்கிற சரக்குக்கு இவ்வளவு என்று மகமை வசூலித்தார்கள். வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்தார்கள். விருதுநகர் சத்திரிய வித்தியாசாலா அப்படி வளர்ந்த பள்ளிக்கூடம். காமராசர் படித்தது அங்கேதான். மகமையில் எனக்குப் பிடித்த விஷயம், கொடுக்கிறவன்தான் கணக்கும் கேட்பான். அதில் பிச்சையும் கிடையாது, புண்ணியமும் கிடையாது.

ஆனால் உறவின்முறை என்ற பெயரிலேயே அதன் எல்லையும் இருக்கிறது. உறவுக்கு வெளியே இருந்த எங்களுக்கு அந்த மகமையில் இடம் இல்லை. கோயில் வாசலில் தடுக்கப்பட்டவர்கள் கட்டிய ஊரில், நாங்கள் ஊருக்கு வெளியே இருந்தோம். இதை ஒரு சாதி மேல் வைக்கிற பழியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்லத்தான் போகிறேன்.

அதற்கு முன்னால் பட்டாசைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தலைப்பைத் தாண்ட முடியாது. 2021 பிப்ரவரி 12, சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் ஆலை வெடித்து 20க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு 3 லட்சம் அறிவித்தது, பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சம் அறிவித்தார்கள். பிறகு பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்து, குடும்பத்துக்கு 20 லட்சம் இழப்பீடு தர வேண்டும் என்றது. முதலில் சொன்னதற்குப் பெயர் உதவி, இரண்டாவதற்குப் பெயர் இழப்பீடு. உதவியைக் கொடுக்கிறவர் மனசு தீர்மானிக்கும். இழப்பீட்டில், தவறு செய்தவர் யார் என்ற கேள்வி இருக்கிறது. எங்கள் பக்கம் வெடிவிபத்து நடந்தால் காரியச் செலவுக்கு என்று ஒரு கவர் முதலில் வந்துவிடும். எங்கள் சித்தி இறந்தபோதும் வந்தது. கூடவே ஒரு வெள்ளைத்தாளும் வந்தது. சித்தப்பா கையெழுத்துப் போட்டார். அதில் என்ன எழுதினார்கள் என்று இன்றைக்கு வரை எங்களுக்குத் தெரியாது. உள்குத்தகைக்கு விட்ட அறையில், அளவுக்கு மேல் ஆட்களை உட்காரவைத்து, பீஸ் கணக்கில் விரட்டி வேலை வாங்கிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தால் அதை நான் கொடை என்று சொல்ல மாட்டேன்.

இந்தச் சண்டை புதிதல்ல. 1932இல் பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு தீண்டாமை ஒழிப்புக்கு என்று ஒரு சங்கம் வந்தது. பின்னாளில் அரிசன சேவா சங்கம் என்று ஆன சங்கம்தான். பிர்லா தலைவர், தக்கர் பாபா செயலாளர். நவம்பரில் லண்டன் போகிற கப்பலில் இருந்து தக்கருக்கு அம்பேத்கர் கடிதம் எழுதுகிறார். தனிமனிதரைத் திருத்துவதிலும், அங்கொன்றும் இங்கொன்றுமாக உதவித்தொகை கொடுப்பதிலும் பணத்தைக் கரைக்காதீர்கள். கிணற்றில் தண்ணீர் எடுக்கிற உரிமை, பள்ளியில் சேர்கிற உரிமை, இவற்றுக்காகக் கிராமத்துக்குள் போய் நில்லுங்கள். எங்கள் ஆட்களையே ஊழியர்களாக வையுங்கள் என்பது அதன் சாரம். சங்கம் அந்த வழியில் போகவில்லை. நிர்வாகத்தில் தீண்டப்படாதார்க்கு ஏன் இடமில்லை என்று கேட்டபோது, இது சாதி இந்துக்கள் செய்யவேண்டிய பிராயச்சித்தம் என்று பதில் வந்தது. பாவம் அவர்களுடையது, பரிகாரமும் அவர்களுடையது. நாங்கள் அதில் எங்கே இருந்தோம்? எங்கள் பந்தலில் விறகு பிளந்தவர்கள் ஞாபகம்தான் எனக்கு வரும்.

கொடை நல்லபடியாக முடிந்த கதையும் ஒன்று இருக்கிறது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1957இலும் 1962இலும் எங்கள் சாத்தூர்த் தொகுதியில்தான் நின்று ஜெயித்தார். அவர் காலத்து மதிய உணவு முதலில் ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசியிலும் காசிலும் தொடங்கியது. பிறகு அரசு பங்கு போட்டது. 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தது. 2001 நவம்பரில், நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டது. பிடியரிசியில் தொடங்கியது பிள்ளைகளின் உரிமையாக ஆகிவிட்டது. ஆனால் 2018இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அருந்ததியப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பள்ளிக்கு முன்னால் ஆட்கள் கூடினார்கள். சோறு அரசாங்கச் சோறு, உரிமைச் சோறு. அப்போதும் கரண்டியைத்தான் பிடுங்கப் பார்த்தார்கள்.

இப்போது எங்கள் கதை. காலனியில் ஒரு மாலைநேரப் படிப்பகம் நடத்துகிறோம். முதலில் ஒரு பெரிய மனிதர் கட்டடமே கட்டித் தருகிறேன் என்று வந்தார். அவர் அப்பா பெயரில் பலகை வைக்கவேண்டும் என்றார், சரி என்றோம். கமிட்டி அவர் ஆட்கள் என்றார். வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போட எங்கள் தெருவில் இருந்து இரண்டு பேர் வேண்டும் என்று கேட்டோம். "நம்பிக்கை இல்லையா?" என்றார். அதற்குப் பிறகு வரவே இல்லை. தெருவில் பாதிப் பேர் எங்களைத் திட்டினார்கள். வலிய வந்த கட்டடத்தை விட்டுவிட்டீர்களே என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த ஐப்பசி மழையில் பிள்ளைகளுக்கு ஒதுங்க இடமில்லை.

பிறகுதான் சனிக்கிழமைக் காசு தொடங்கினோம். சனிக்கிழமை ஆலையில் சம்பளம் போடுவார்கள். வீட்டுக்குப் பத்து ரூபாய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேப்பமரத்தடியில் கணக்கைச் சத்தமாக வாசிப்போம். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாதான் அதிகம் கேள்வி கேட்பாள். "போன வாரம் சாக்பீசுன்னு சொன்னீங்க, இந்த வாரமும் சாக்பீசா?"

வெட்கத்தோடு இதையும் சொல்கிறேன். முதல் ஆறு மாதம் பக்கத்து அருந்ததியர் தெருப் பிள்ளைகள் ஒருவர்கூட வரவில்லை. அவர்கள் வரவில்லை என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு ஞாயிறு அந்தத் தெரு அக்கா ஒருவர் வந்து, "எங்ககிட்ட யாராச்சும் காசு கேட்டீங்களா?" என்றார். கேட்கவில்லை. காசு கேட்காததும் ஒரு தீண்டாமைதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இன்று கணக்கு நோட்டு அந்த அக்கா வீட்டில் இருக்கிறது. அதற்காக எங்கள் தெருவில் நான்கு வீடு காசை நிறுத்திவிட்டது. அந்த நான்கு வீட்டுக்கும் இன்னமும் நடந்துகொண்டிருக்கிறோம்.

பத்து ரூபாயில் கட்டடம் வராது என்று எங்களுக்குத் தெரியும். வெளியில் இருந்து பணம் வேண்டும், கணினி வேண்டும், சம்பளத்துக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். கொடையே வேண்டாம் என்று வீறாப்பு பேச நான் வரவில்லை. போன மாதம் வெளிநாட்டில் இருக்கும் ஒரு தமிழர், ஒரு நண்பர் மூலமாக ஐந்து கணினி வாங்கித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். நாங்கள் ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதினோம். பணம் படிப்பகக் கணக்குக்கு வரவேண்டும். கையெழுத்துப் போடும் மூன்று பேரும் இரண்டு தெருக்களையும் சேர்ந்தவர்கள், அதில் ஒருவர் பட்டாசு வேலைக்குப் போகிற பெண். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்க மாட்டோம். ஊருக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், மரத்தடியில் உட்கார்ந்து நீங்களும் கணக்குக் கேட்கலாம்.

கடிதம் போய் இருபது நாள் ஆகிறது. பதில் வரவில்லை. நாளைக்கு ஞாயிறு. அம்மா கட்டாயம் கேட்பாள்.